எஃப்.எம். கைவிடும் சாலையில்: அமெரிக்க நெடும்பயணத்துக்குச் சாட்டிலைட் ரேடியோ

டாலஸிலிருந்து எல் பாசோவுக்குக் காரில் போவதென்றால் ஏறத்தாழ 635 மைல். ஐ-20 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய், அப்புறம் ஐ-10-இல் சேர வேண்டும். ஃபோர்ட் வொர்த் தாண்டிக் கொஞ்ச தூரம் வரை பழகிய எஃப்.எம். நிலையங்கள் கூடவே வரும். அபிலீன் நெருங்குவதற்குள் எல்லாம் கரகரத்து அடங்கிவிடும். மிட்லண்ட், ஒடெஸா பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே ஒரு கன்ட்ரி பாட்டு, ஒரு ஸ்பானிஷ் பாட்டு, ஒரு பிரசங்கம் கிடைக்கும். பீகோஸ் தாண்டியபின் சில இடங்களில் ஸ்கேன் பட்டனை அழுத்தினால், 88-இல் கிளம்பிய எண் எங்கும் நிற்காமல் 108 வரை ஓடி மறுபடி 88-க்கே வரும். போனில் கேட்கலாம் என்றால் அதுவும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வேகவரம்பு 80 மைல் என்று பலகை வைத்த அந்த நேர்ச்சாலையில் பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டால், ஓட்டுபவருக்குத் துணை டயர் சத்தம்தான்.

சாட்டிலைட் ரேடியோவுக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். ஓர் எஃப்.எம். கோபுரம் நன்றாக எட்டுவது 40, 50 மைல். சாட்டிலைட்டில் கிளம்பும்போது வைத்த சேனல் போய்ச் சேரும் வரை அதே எண்ணில் பேசிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் இந்தச் சேவையைத் தருவது சிரியஸ்எக்ஸ்எம் என்கிற ஒரே நிறுவனம். முதல்முறை வாங்கப் போகிறவர்களுக்கு, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

வாங்குமுன் ஒரு கேள்வி

வருடத்தில் எத்தனை முறை, எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டுமே ஓட்டுபவருக்கு இது வீண் செலவு. நகரத்தில் போன் சிக்னல் இருக்கிறது, எஃப்.எம். இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது 200, 300 மைல் போகிறவர், ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களைச் சுற்றுகிறவர், டிரக் ஓட்டுகிறவர் ஆகியோருக்குத்தான் இது பயன்படும்.

தமிழ்ப் பாட்டு கேட்கலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். நம் பாட்டுகளைக் கிளம்புவதற்கு முந்தைய இரவு போனில் டவுன்லோடு செய்துகொள்வதுதான் வழி. தமிழ்நாட்டிலிருந்து வந்த பலருக்குச் சாட்டிலைட் ரேடியோ என்றாலே வேர்ல்டுஸ்பேஸ் நினைவுக்கு வரும். தமிழுக்குக் கே.எல். ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி என்று சேனல்கள் இருந்தன. 2009 டிசம்பர் 31-ஓடு அந்தச் சேவை இந்தியாவில் நின்றுபோனது. அது ஜன்னலோரம் ஆன்டெனாவைச் சரியான திசைக்குத் திருப்பி வைத்து, அசையாமல் உட்கார்ந்து கேட்கிற பெட்டி. இங்கே இருப்பது ஓடுகிற காருக்கென்றே அமைத்தது. அந்த நினைப்பில் இதை எடைபோட வேண்டாம்.

இங்கே கிடைப்பது ஆங்கிலப் பாட்டு, செய்தி, பேஸ்பால், ஃபுட்பால் நேரடி வர்ணனை, நகைச்சுவை, பேச்சு. இரவில் ஓட்டும்போது பாட்டைவிடப் பேச்சுதான் தூக்கத்தை விரட்டும் என்பது என் அனுபவம். டிரக் ஓட்டுபவர்களுக்கென்றே 146-ஆம் எண்ணில் ரோட் டாக் டிரக்கிங் என்று ஒரு சேனல் இருக்கிறது. டீசல் விலை, ஓட்டும் நேர விதிகள், எடைச் சாவடி என்று பேச்சு போகும். நமக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். ஆனால் பக்கத்தில் 18 சக்கர வண்டியோடு ஓட்டும்போது, அவர்கள் எதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 85 டிகிரி மேற்கிலும் 115 டிகிரி மேற்கிலும் சாட்டிலைட்டுகள் நிற்கின்றன. ஒரே நிகழ்ச்சி இரண்டு இடங்களிலிருந்தும் வருகிறது. ஒன்று உடனே வரும். இன்னொன்று சுமார் 4 விநாடி தாமதமாக வரும்படி அமைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு பாலத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வரும் அந்த ஒரு விநாடிக்கான ஒலி இன்னொரு வழியில் வந்துவிடுவதால் பாட்டு அறுபடாது. உயரமான கட்டடங்கள் நெருங்கிய பெருநகரங்களில் வானம் தெரியாது என்பதால் அங்கே தரையிலும் துணைக் கோபுரங்கள் வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, சாட்டிலைட்டுகள் அமெரிக்காவுக்குத் தெற்கே இருக்கின்றன. ஆகவே உங்கள் காருக்குத் தெற்குப் பக்கம் மலையோ அடர்ந்த மரமோ இருந்தால் விட்டுவிட்டுக் கேட்கும். வடக்கே போகப் போக அவை வானத்தில் தாழ்ந்து தெரியும். டெக்ஸாஸில் மறைக்காத மரம் மொன்டானாவில் மறைக்கும்.

இரண்டாவது, உங்கள் ரேடியோ கேட்க மட்டும்தான் தெரிந்தது. அதனால் பதில் சொல்ல முடியாது. சந்தா கட்டியதும் 'இந்த எண்ணுள்ள ரேடியோவைத் திற' என்ற கட்டளை வானத்திலிருந்து கொஞ்ச நேரம் திரும்பத் திரும்ப வரும். அந்த நேரத்தில் ரேடியோ ஓடிக்கொண்டு, வானம் பார்த்து இருக்க வேண்டும். இது தெரியாமல் நான் முதல் முறை இரவு 11 மணிக்கு மூடிய கராஜில் உட்கார்ந்து போனில் பணம் கட்டிவிட்டு, 'முடிந்தது' என்று தூங்கப் போனேன். காலை 5 மணிக்குக் கிளம்பினால் எல்லாச் சேனலும் ஊமை. பிரச்சினை என்ன என்று புரிவதற்குள் ஃபோர்ட் வொர்த் தாண்டி வெதர்ஃபோர்டு வந்துவிட்டது. "இதற்கா காசு?" என்றாள் மனைவி.

முதலில் காரைப் பாருங்கள்

2010-க்குப் பிறகு வந்த கார்களில் பலவற்றில் ரிசீவர் ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஆடியோ பட்டியலில் எஃப்.எம்., ஏ.எம். பக்கத்தில் 'எஸ்.எக்ஸ்.எம்.' என்று தெரிந்தால் இருக்கிறது என்று பொருள். கூரையின் பின்பக்கம் சுறாவின் முதுகுத் துடுப்பு போல ஒரு சின்ன மேடு இருக்குமே, பெரும்பாலும் ஆன்டெனா அதற்குள்தான் இருக்கும். புதுக் கார் வாங்கினால் பொதுவாக 3 மாதம் இலவசமாகத் தருவார்கள். பழைய கார் டீலரிடம் வாங்கியவரும் கேட்டுப் பார்க்கலாம். இலவச காலத்தை நெடும்பயணத்தோடு பொருத்திக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

சமீபத்திய கார்கள் சிலவற்றில் 360எல் என்ற வகை வருகிறது. சாட்டிலைட்டையும் இணையத்தையும் கலந்து தரும். வசதிதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. அதில் தெரியும் சேனல்களில் சில இணையம் வழியாக மட்டுமே வருபவை. சிக்னல் இல்லாத இடத்தில் அவையும் போய்விடும். காரின் இணைய இணைப்பை அணைக்க முடிந்தால் ஒருநாள் அணைத்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த சேனல் பாடுகிறதா என்று பாருங்கள். சிரியஸ்எக்ஸ்எம்மின் போன் செயலியும் இப்படித்தான். அது பெயரில்தான் சாட்டிலைட். ஓடுவது உங்கள் டேட்டாவில்.

காரில் இல்லாவிட்டால்

கையடக்க ரிசீவர் ஒன்று வாங்கலாம். ரோடி, ஆனிக்ஸ் என்று வகைகள் உண்டு. பெட்டிக்குள் ரிசீவர், தாங்கி, மின் இணைப்பு, காந்த ஆன்டெனா இருக்கும். பொருத்துவதற்கு மெக்கானிக் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும்.

ஆன்டெனாவில்தான் எல்லாமே இருக்கிறது. அதைக் காருக்குள் டேஷ்போர்டில் வைத்தாலும் வேலை செய்யுமே என்று சோம்பல்படாதீர்கள். கூரையின் மேல், ஓரத்திலிருந்தும் கண்ணாடிக் கூரையிலிருந்தும் பெட்டி கட்டும் கம்பியிலிருந்தும் 3 அங்குலமாவது தள்ளி வையுங்கள். வயரைப் பின்கண்ணாடி அல்லது கதவின் ரப்பர் பட்டைக்கு அடியில் அழுத்தி உள்ளே கொண்டுவந்து, தரைவிரிப்புக்கு அடியில் முன்னே இழுங்கள். பெடல் பக்கம் வயர் தொங்கவே கூடாது. கூரையில் பெட்டி கட்டும் வழக்கம் உங்களுக்கு உண்டென்றால், பெட்டியைக் கட்டியபின் ஒருமுறை சோதியுங்கள். நாம் பெட்டியைத் தூக்கிக் கட்டுவது பெரும்பாலும் ஆன்டெனாவின் தலைமேல்தான்.

காந்தம் எல்லா வண்டியிலும் ஒட்டாது. ஃபோர்டு எஃப்-150 டிரக்குக்கு 2015 மாடல் முதல் அலுமினிய உடல். காந்தம் வழுக்கி விழும். கண்ணாடிக் கூரை உள்ள காரிலும் அதே கதை. இதற்கென்று பசையால் ஒட்டும் தட்டு கிடைக்கிறது. வாங்குமுன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துப்போய்க் கூரையில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தாங்கி விஷயத்தில் ஒரு வார்த்தை. கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டும் வகை டெக்ஸாஸ் வெயிலில் நழுவி மடியில் விழும். ஏசி துவாரத்தில் மாட்டும் கிளிப் எவ்வளவோ மேல்.

அடுத்து, ரிசீவரின் ஒலி கார் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். காரில் ஆக்ஸ் துளை (வெளியிலிருந்து ஒலி வயர் செருகும் துளை) இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் ஒரு வயர் போடுங்கள். சத்தம் சுத்தமாக இருக்கும், வழியில் தொல்லை இருக்காது. ஆக்ஸ் இல்லாத புதுக் கார்களுக்கு ப்ளூடூத் உள்ள ரிசீவரைப் பாருங்கள். மூன்றாவது வழி, ரிசீவரே சின்ன எஃப்.எம். நிலையம் போல ஒலியைப் பரப்ப, கார் ரேடியோ அதைப் பிடிப்பது. உள்ளூரில் இது அருமையாக இருக்கும். நெடும்பயணத்தில்தான் உயிரை வாங்கும். டாலஸில் காலியாக இருந்த எண்ணில் அபிலீனில் ஒரு நிலையம் உட்கார்ந்திருக்கும். பாட்டுக்கு நடுவே யாரோ டிராக்டர் விற்பார்கள். ஊருக்கு ஊர் இரண்டு இடத்திலும் எண்ணை மாற்ற வேண்டும், அதுவும் ஓட்டிக்கொண்டே. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் இந்த வழியே வேண்டாம்.

திறப்பது

ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பெரும்பாலான ரேடியோக்களில் சேனல் 0-வுக்குப் போனால் திரையில் தெரியும். சிரியஸ், எக்ஸ்.எம். இரண்டும் முதலில் தனித்தனி நிறுவனங்கள். 2008 ஜூலையில்தான் ஒன்றாயின. அந்த மிச்சம் இன்றும் எண்ணில் இருக்கிறது. சிரியஸ் வகைக்கு 12 இலக்கம். எக்ஸ்.எம். வகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்து 8. இந்த எட்டில் ஐ, ஓ, எஸ், எஃப் ஆகிய ஆங்கில எழுத்துகள் வராது. வட்டமாகத் தெரிவது சைபர்தான், ஓ அல்ல. எழுதிக்கொள்வதைவிடப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பாவது இதைச் செய்யுங்கள். காரை மரமில்லாத இடத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்துங்கள். காஸ்ட்கோ பார்க்கிங்கின் கடைசி வரிசை எனக்குப் பிடித்த இடம். ரேடியோவைப் போட்டு சாட்டிலைட் பகுதிக்கு மாற்றிவிட்டு, போனில் அடையாள எண்ணைக் கொடுத்துச் சந்தாவை முடியுங்கள். சில நிமிடங்களில் சேனல்கள் திறக்கும். கால் மணி நேரம் ஆகியும் திறக்காவிட்டால், கணக்கில் 'ரிஃப்ரெஷ்' என்று இருப்பதை அழுத்தி மறுபடி சிக்னல் அனுப்பச் சொல்லுங்கள். அது வரை காரை அணைக்க வேண்டாம்.

திறந்ததும் பிடித்த சேனல்களை நினைவுப் பட்டன்களில் வைத்துவிடுங்கள். சில ரிசீவர்களில் இப்படி வைத்த பாட்டுச் சேனலுக்குப் போனால், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முதலிலிருந்து தொடங்கும். சும்மா தேடிப்போகும் சேனலில் அது நடக்காது. என் பட்டன்களில் இரண்டு செய்தி, ஒரு பழைய பாட்டு, ஒரு நகைச்சுவை, 146. குழந்தைகள் உள்ள காரில் கெட்ட வார்த்தை வரும் சேனல்களைப் பூட்டும் வசதியையும் தேடிப் பாருங்கள். நகைச்சுவைச் சேனல் ஒன்றில் இதை நான் தாமதமாகத்தான் கற்றேன்.

இன்னொன்று: நிகழ்ச்சி நேரங்களைப் பொதுவாக நியூயார்க் நேரத்தில்தான் சொல்வார்கள். டாலஸில் ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். வான் ஹார்ன் தாண்டியதும் டெக்ஸாஸுக்குள்ளேயே நேரம் மாறும், அங்கிருந்து இரண்டு.

சாலையில்

ஒலித்தரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பல சேனல்களை ஓர் அலைவரிசைக்குள் நெருக்கி அனுப்புவதால் பாட்டு கொஞ்சம் மெலிந்து, தகரத்தில் தட்டியது போல இருக்கும். வயலின், வீணை கேட்டுப் பழகிய காதுக்கு உறுத்தும். 75 மைல் வேகத்தில் காற்றுச் சத்தத்தோடு கேட்கும்போது யாருக்கும் தெரியாது. பேச்சுக்கு இந்தக் குறை பெரிதில்லை.

எங்கே அறுபடும்? நீளமான சுரங்கப்பாதையில் அறுபடும். கொலராடோவில் ஐ-70-இன் ஐசன்ஹவர் சுரங்கம் 1.7 மைல், அதற்கு எந்த 4 விநாடியும் போதாது. குறுகிய பள்ளத்தாக்குகளில் வளைவுக்கு வளைவு வந்து போகும். பெட்ரோல் பங்கின் கூரைக்கு அடியில் நிற்கும்போது போகும். அதைப் பார்த்து ரேடியோ கெட்டுவிட்டது என்று பட்டனைப் போட்டு அழுத்த வேண்டாம். ஈரப்பனி ஆன்டெனாமேல் கெட்டியாகப் படிந்தாலும் போகும், கையால் தட்டிவிட்டால் வந்துவிடும். மழை மேகம் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. ஹவாயில் கிடைக்காது. கனடாவின் தெற்குப் பகுதிக்குள் நுழைந்தால் தொடர்ந்து பாடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இதை நம்பவே வேண்டாம். அது உள்ளூர் ஆபத்து. நாடு முழுவதற்கும் ஒரே குரலில் பேசும் ரேடியோவுக்கு, உங்களுக்கு முன்னால் 20 மைலில் புழுதிப் புயல் எழுந்திருப்பது தெரியாது. எல் பாசோ தாண்டி அரிசோனா நோக்கி ஐ-10-இல் போனால் நியூ மெக்சிகோவின் லார்ட்ஸ்பர்க் பக்கம் காய்ந்த ஏரிப்படுகை ஒன்று வரும். காற்றடித்தால் முன்னால் போகும் வண்டியே தெரியாது. வானம் மஞ்சளாக மாறினாலோ, மேகம் கறுத்துத் தாழ்ந்தாலோ சாட்டிலைட்டை விட்டுவிட்டு உள்ளூர் எஃப்.எம்., ஏ.எம். தேடுங்கள். இன்னும் நல்லது, 30 டாலர் அளவில் கிடைக்கும் சின்ன வானிலை ரேடியோ ஒன்றைக் காரில் போட்டு வைப்பது. அரசின் வானிலை ஒலிபரப்பு 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை 7 அலைவரிசைகளில் இரவும் பகலும் வருகிறது. சந்தா கிடையாது. கார் ரேடியோவில் பொதுவாக அது எடுக்காது என்பதால்தான் தனிப் பெட்டி.

இரவில் ஏ.எம்.மையும் ஒதுக்கிவிடாதீர்கள். இருட்டியபின் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகளால் 50,000 வாட் நிலையங்கள் நூற்றுக்கணக்கான மைல் எட்டும். நாஷ்வில்லின் 650, சின்சினாட்டியின் 700 இரண்டும் அப்படிப்பட்டவை. கரகரப்போடு எங்கோ ஓர் ஊரின் மழையைப் பற்றி யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவது தனிச் சுகம், காசும் இல்லை.

பணம்

முதலில் சொல்லும் விலையை அப்படியே கட்டுபவர்கள் குறைவு. புதிதாகச் சேருபவர்களுக்கும் விலகப் போகிறேன் என்பவர்களுக்கும் விலை வேறு. விளம்பரத்தில் மாதம் இவ்வளவு என்று போட்டிருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: இது எத்தனை மாதத்துக்கு, அதற்கப்புறம் எவ்வளவு, இசை ராயல்டிக் கட்டணமும் வரியும் சேர்ந்து கடைசியில் கார்டில் எவ்வளவு பிடிப்பீர்கள். பெரும்பாலானவருக்குக் கார் மட்டும் உள்ள சிறிய திட்டமே போதும். அவ்வப்போது சந்தா இல்லாத ரேடியோக்களுக்கும் சில நாள் இலவசமாகத் திறந்து விடுவார்கள். பயணம் அந்த வாரத்தில் விழுந்தால் அதிர்ஷ்டம்.

சலுகைக் காலம் முடிந்ததும் சந்தா முழு விலையில் தானாகத் தொடரும். ஆகவே சேரும் அன்றே, முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகக் காலண்டரில் குறித்துவையுங்கள். விலகுவதை ஒரு நிமிட வேலை என்று நினைக்க வேண்டாம். இந்த நிறுவனத்தில் விலகுவது கடினமாக இருக்கிறது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2023 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தார். விலகும் முறை கூட்டாட்சிச் சட்டத்தை மீறியதாக 2024 நவம்பரில் அங்குள்ள நீதிமன்றம் சொன்னது. எந்தச் சந்தாவாக இருந்தாலும் என் வழக்கம் இதுதான்: போனில் பேசுவதைவிட எழுத்துவழி உரையாடலில் கேட்பேன். புதுச் சலுகை சொன்னால், பிடித்திருந்தால் எடுப்பேன். இல்லையென்றால் 'வேண்டாம், இன்றே நிறுத்துங்கள்' என்பதையே மாற்றாமல் திரும்ப எழுதுவேன். உறுதிப்படுத்தும் எண்ணும் மின்னஞ்சலும் வந்தபின்தான் அந்தப் பக்கத்தை மூடுவேன். அடுத்த மாத கார்டு பில்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.